ஆகவே என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பள்ளம்: சட்ட நுழைவுத் தேர்வில் வாதப் பிழையைப் பிடிப்பது எப்படி?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். டிசம்பரில் கிளாட் என்ற தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வை எழுதப் போகிறார். தர்க்கப் பகுதியில் "இந்த வாதத்தில் என்ன பிழை" என்ற மாதிரிக் கேள்விகளில்தான் மார்க் போகிறதாம். படிக்கும்போது எல்லா வாதமும் சரியாகவே தெரிகிறது. அப்படியே சந்தேகம் வந்தாலும், நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதி இரண்டில் தப்பானதைத்தான் கை எடுக்கிறது என்கிறார். அவருடைய அத்தை மகன் அறுபது பிழைகளின் இங்கிலீஷ், லத்தீன் பெயர்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாராம். "அதனால் நானும் அந்த நோட்டை மனப்பாடம் செய்தால் கிடைத்துவிடும், இல்லைங்களா?" என்று முடித்திருக்கிறார்.

அம்மிணி, அந்தக் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். நான் ஈரோட்டில் வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு இந்த ஒரு பகுதியை மட்டும் சொல்லித் தருகிறேன். உங்கள் பிரச்சினை அவர்கள் எல்லோருக்கும் இருந்ததுதான்.

பரீட்சையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிளாட்டில் 120 கேள்விகள், 2 மணி நேரம். சரியான விடைக்கு 1 மார்க், தப்புக்கு 0.25 கழியும். தர்க்கப் பகுதியில் 22 முதல் 26 கேள்விகள். 2020இலிருந்து எல்லாமே ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் முறைதான். நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் சேர பிளஸ் டூ மார்க்கே போதும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குத்தான் இந்தப் பரீட்சை. அமெரிக்காவின் சட்ட நுழைவுத் தேர்வான எல்சாட்டில் பிழை கண்டுபிடிப்பது தனிக் கேள்வி வகையாகவே உண்டு. 2024 ஆகஸ்டில் அங்கே புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டைத் தர்க்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

கிளாட்டில் அதே சமாச்சாரம் வேறு வேஷத்திலும் வரும். "எது உண்மையானால் இந்த வாதம் பலவீனமாகும்?" "ஆசிரியர் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருப்பது எது?" இவையெல்லாம் ஒரே கேள்வி. வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை இல்லை என்று நினைத்துக்கொள்வது எடுகோள். அதில் கையை விட்டுப் பெரிதாக்குவது பலவீனப்படுத்துவது. ஓட்டை எங்கே என்று தெரிந்தவருக்கு மூன்று கேள்விக்கும் பதில் தெரியும்.

எல்லா வாதமும் சரியாகத் தெரிவதற்கு என்ன காரணம்? நீங்கள் முடிவு உண்மையா என்று பார்க்கிறீர்கள். பரீட்சை அதைக் கேட்கவே இல்லை. சொன்ன காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா என்றுதான் கேட்கிறது. இரண்டும் வேறு வேறு.

எனக்கு இது உறைத்தது ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிது. எதிர்த்தரப்பு வண்டியை ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. நான் பெரிய துருப்புச்சீட்டு கிடைத்த மாதிரி எழுந்து, "லைசென்ஸே இல்லாதவர், ஆகவே அஜாக்கிரதையாகத்தான் ஓட்டியிருக்கிறார்" என்றேன். நீதிபதி கோபப்படவில்லை. "லைசென்ஸ் இல்லைங்கறது சரி. அன்னைக்கு எப்படி ஓட்டினார்ன்னு அது சொல்லுதுங்களா?" என்று மட்டும் கேட்டார். லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம். அதனால் மட்டுமே அந்த நிமிஷம் வண்டி தாறுமாறாக ஓடியது என்று ஆகிவிடாது. இத்தனைக்கும் அவர் தாறுமாறாகத்தான் ஓட்டினார். அதற்கு வேறு சாட்சி இருந்தது, அதை வைத்துத்தான் பிறகு ஜெயித்தோம். என் முடிவு உண்மை, என் வாதம் ஓட்டை. அன்றைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

இன்னொரு உதாரணம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அங்கிருந்து கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. மண் வாய்க்கால். இதற்குக் கான்கிரீட் பூசலாமா கூடாதா என்று பல வருஷமாக ஊர் இரண்டு கட்சியாக நிற்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, பூசுங்கள் என்கிறது ஒரு கட்சி. கசிவில்தான் எங்கள் கிணறும் தென்னையும் பிழைக்கிறது, பூசாதீர்கள் என்கிறது இன்னொரு கட்சி. என் மாமனார் தோட்டம் மேல்மடையில் இருக்கிறது, தங்கை மாப்பிள்ளையின் நிலம் கடைமடையில். ஒறம்பரை கூடினால் நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆகவே யார் கட்சி சரி என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை. அவர்கள் பேசும் தினுசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"வாய்க்காலில் விடும் தண்ணீரில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்து வீணாகிறது. பூசினால் கசிவு நிற்கும். ஆகவே அவ்வளவு தண்ணீரும் ஆயக்கட்டு விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைக்கும்."

வேகமாகப் படித்தால் குறையே தெரியாது. "வீண்" என்ற சொல்லில் நில்லுங்கள். முதல் வாக்கியத்தில் அது வாய்க்காலுக்கு இழப்பு என்ற பொருளில் வருகிறது. முடிவுக்குப் போவதற்குள் யாருக்கும் பயன்படாத தண்ணீர் என்று அர்த்தம் மாறிவிட்டது. கசிந்த தண்ணீர் அதே ஆயக்கட்டில் ஒருவர் கிணற்றில் ஊறி, அவர் மோட்டார் போட்டு எடுத்திருந்தால் அது எப்படிக் கூடுதல் ஆகும்? இடப்பக்கப் பாக்கெட்டிலிருந்து எடுத்து வலப்பக்கப் பாக்கெட்டில் வைத்த மாதிரிதான். எவ்வளவு கசிவு கிணறுகளுக்குப் போகிறது, எவ்வளவு யாருக்கும் எட்டாமல் போகிறது என்பது தனிக் கணக்கு. வாதம் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. ஒரே சொல் இரண்டு பொருளில் வரும் இந்தப் பிழையைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். காரணத்தில் வந்த சொல்லும் முடிவில் வந்த சொல்லும் ஒன்றேதானா, கொஞ்சம் நகர்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது எதிர்க்கட்சி: "பூச்சு வேலை நடந்த மறுவருஷம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆகவே பூச்சுதான் காரணம்."

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஆட்களே சொல்லிவிடுவார்கள். அதோடு நிறுத்தக் கூடாது. ஒன்றுக்கு அப்புறம் இன்னொன்று நடந்தது என்று மட்டும் ஒரு வாதம் சொன்னால், வேறு எப்படியெல்லாம் அது நடந்திருக்கலாம் என்று மூன்று பக்கம் பார்க்க வேண்டும். வேறொரு காரணம் இருக்கலாம்: அந்த வருஷம் மழை குறைவு, அல்லது சுற்றிலும் போர்வெல் பெருகிவிட்டது. தற்செயலாக இருக்கலாம். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த பகுதி என்பதாலேயே அங்கே முதலில் வேலையைத் தொடங்கினார்களோ? பரீட்சை எழுதுபவர்களுக்கு இந்தத் தலைகீழ் யோசனை பெரிய ஆயுதம்.

"எதிர்க்கிறவர்கள் எல்லாம் வாய்க்காலோரம் கிணறு வைத்திருப்பவர்கள். ஆகவே அவர்கள் பேச்சைத் தள்ளிவிடலாம்." ஆளைப் பார்த்து வாதத்தைத் தள்ளுவது. பிழைதான். ஆனால் இங்கே ஒரு வக்கீலாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் "நான் கண்ணால் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னால், அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்பது பிழையே இல்லை; குறுக்கு விசாரணையில் பாதி அதுதான். அப்போதுகூட, ஆதாயம் உள்ள சாட்சி என்பதற்காக மட்டும் நீதிமன்றம் அவரைத் தள்ளிவிடாது. கூடுதல் ஜாக்கிரதையோடு பார்க்கும், அவ்வளவுதான். அவர் சொல்லை நம்பி நிற்கிற விஷயம் என்றால் ஆள் முக்கியம். அவர் காரணம் காட்டிப் பேசுகிறார் என்றால், காரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வித்தாளில் ஆளைப் பற்றிப் பேச்சு வந்தவுடனே பிழை என்று வட்டம் போட்டுவிடாதீர்கள்.

"ஒன்று பூச வேண்டும், இல்லாவிட்டால் கடைமடை காய வேண்டும்" என்பதில் நடுவில் எத்தனை வழி விட்டுப்போயிற்று என்று நீங்களே எண்ணிவிடுவீர்கள்: தூர்வாருவது, மதகு பழுது பார்ப்பது, திருட்டு மோட்டாரைத் தடுப்பது. "தாத்தா காலத்திலிருந்து மண் வாய்க்காலாகத்தான் ஓடியது, இனியும் அப்படியே ஓடும்" என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

பாருங்கள், பூசலாம் என்பதற்கும் ஓட்டை வாதம் இருக்கிறது, பூசக் கூடாது என்பதற்கும் இருக்கிறது. இரண்டு முடிவில் ஏதோ ஒன்று நல்ல முடிவாகத்தான் இருக்கும். ஆகவே ஓட்டை வாதம் என்பதால் முடிவு பொய் என்று ஆகாது. "இந்த முடிவு தவறு" என்ற தொனியில் ஒரு விடை இருந்தால் அநேகமாக அது வலை. அதே மாதிரி, பத்தியில் கொடுத்த தகவலோடு சண்டைக்குப் போகாதீர்கள். "கிணற்றில் தண்ணீர் இறங்கியது" என்றால் இறங்கியது. நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் "ஆகவே" என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் பள்ளம் மட்டும்.

அந்த "ஆகவே" எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே நம் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். தமிழில் நாம் காரணத்தை முதலில் அடுக்கி முடிவைக் கடைசியில் வைக்கிறோம். வினைச்சொல்லே கடைசியில்தான் வருகிறது. கேள்வித்தாள் இங்கிலீஷில். அங்கே முடிவு முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, பின்னாலேயே "பிகாஸ்", "சின்ஸ்" என்று காரணங்கள் வரும். சில சமயம் நடுவில் ஒளிந்திருக்கும். கடைசி வரிதான் முடிவு என்ற பழக்கத்தில் படித்தால், காரணத்தை முடிவு என்று எடுத்துக்கொண்டு இல்லாத ஓட்டையைத் தேடுவீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து "ஏனுங்க?" என்று கேளுங்கள். எந்த வாக்கியத்துக்கு மற்ற வாக்கியங்கள் பதில் சொல்கின்றனவோ அதுதான் முடிவு.

ஆனால் இன்னொரு இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. இங்கிலீஷிலேயே படித்த பிள்ளைகள்கூடத் தடுமாறும் இடம் அது.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கு ஒருவர் மூட்டை கொண்டுபோகிறார். "மஞ்சள் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் நல்ல விலை போகும். என் மஞ்சள் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆகவே நல்ல விலை போகும்." ஏலத்துக்கு ஒரு தடவை போனவர்கூட இதை ஒத்துக்கொள்ள மாட்டார். காய்ச்சல் பதம் சரியாக இருந்து நிறம் இல்லாமல் போகலாம், விரலி மெலிந்திருக்கலாம், அன்றைக்கு வரத்து அதிகமாக இருந்து விலையே இறங்கியிருக்கலாம். காய்ந்திருப்பது தேவை; அது மட்டுமே போதாது.

இப்போது அந்த "தான்" ஒன்றை எடுத்துவிடுங்கள்: "நன்றாகக் காய்ந்திருந்தால் நல்ல விலை போகும்." இப்போது வாதம் சரியாகிவிட்டது, காய்ந்திருந்தாலே போதும் என்று முதல் வரியே சொல்கிறது. (உண்மையில் அப்படிப் போகாது என்பது வேறு விஷயம். சொன்னேனே, கொடுத்த தகவலோடு சண்டை கூடாது.) "ஆல்" என்றால் போதும், "ஆல்தான்" என்றால் தேவை. இரண்டு எழுத்தில் வித்தியாசம். இங்கிலீஷில் இது "இஃப்", "ஒன்லி இஃப்", "அன்லெஸ்", "ரிக்வயர்ஸ்" என்று பல உருவத்தில் வந்து குழப்பும். எந்த உருவத்தில் வந்தாலும் மனசுக்குள் ஆல் அல்லது ஆல்தான் என்று மாற்றிவிடுங்கள். "அன்லெஸ்" வந்தால் "இல்லாவிட்டால்" என்று மாற்றிப் பாருங்கள்: காயாவிட்டால் விலை போகாது என்பதும், காய்ந்தால்தான் விலை போகும் என்பதும் ஒன்று. என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு மாதம் இந்த ஒன்றை மட்டும் பழகினான். அதற்கு முன்னால் ஐந்துக்கு இரண்டு தப்பு செய்தவன், அப்புறம் இந்த வகையில் அநேகமாகத் தப்பே செய்யவில்லை.

இதன் மறுபக்கமும் வரும். "காய்ந்தால் நல்ல விலை போகும். அவர் மஞ்சள் நல்ல விலை போனது. ஆகவே காய்ந்திருந்தது." தப்பு. வேறு காரணத்தாலும் விலை போயிருக்கலாம். திசை மாறிவிட்டது.

சதவீதமும் எண்ணிக்கையும் கலக்கும் பிழையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பனியன் கம்பெனியில் போன சீசனில் நூற்றுக்கு 4 பீஸ் ரிஜெக்ட், இந்தச் சீசனில் நூற்றுக்கு 2. "ஆகவே ரிஜெக்ட் ஆன பீஸ் குறைந்துவிட்டது" என்கிறார் சூப்பர்வைசர். போன சீசனில் தைத்தது 10,000 பீஸ், இந்தச் சீசனில் 30,000 என்றால்? 400 இருந்த இடத்தில் 600. சதவீதத்தைக் காட்டி எண்ணிக்கையைப் பேசினாலோ, எண்ணிக்கையைக் காட்டி சதவீதத்தைப் பேசினாலோ, மொத்தம் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கொஞ்சத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பேசுவது நிறைய வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் இதைக் கேட்டவுடனே "பிழை" என்று கத்துவார்கள். பிழை இல்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, கிளறியும் விட்டிருக்கிறது. அப்போது ஒரு பருக்கை மொத்தப் பானைக்கும் சாட்சி சொல்ல முடியும். எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் மாதிரி கெட்டுப்போவதில்லை. எடுத்தது மொத்தத்தைப் போல இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைப் பாருங்கள்: ஒருவர் கோயம்புத்தூரில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடும் பட்டறைகளாகத் தேடிப் போய்ப் பேசுகிறார். அநேகமாக எல்லா முதலாளிகளும் கடன் வாங்காமல் தொடங்கியவர்கள். "ஆகவே கடன் வாங்காமல் தொடங்கினால் பட்டறை நிலைக்கும்." நூறு பட்டறையைப் பார்த்திருந்தாலும் இது ஓட்டைதான். கடன் வாங்காமல் தொடங்கி மூடிப்போன பட்டறைகளிடம் அவர் பேசவே இல்லை. பேசவும் முடியாது, அங்கே இப்போது செல்போன் கடையோ பேக்கரியோ இருக்கும். பானையில் ஒட்டிய சோற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சமையலைப் பற்றிப் பேசுகிறார்.

சட்டம் படிக்க ஆசைப்படுகிறவர் என்பதால் இன்னொன்றைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "அவர் குற்றம் செய்தார் என்று நிரூபிக்க முடியவில்லை. ஆகவே அவர் செய்யவில்லை." நீதிமன்றத்தில் இதே காரணத்தால் விடுதலை செய்கிறார்களே, அப்படியானால் இது எப்படிப் பிழை என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. பழைய சாட்சியச் சட்டம் 1872ஆம் வருஷத்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்திருக்கிறது. இரண்டிலுமே மூன்று நிலை உண்டு: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. மூன்றாவது, இரண்டாவது அல்ல. நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில் இருப்பதால், மெய்ப்பிக்கப்படாவிட்டால் விடுதலை என்று நாம் ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு நேர்ந்தே தீரும் என்றால் எந்தப் பக்கம் நேர்ந்தால் பரவாயில்லை என்று யோசித்து எடுத்த முடிவு அது. அன்று என்ன நடந்தது என்று அந்த விதி சொல்வதில்லை. தர்க்கக் கேள்வியில் சுமை யார் தலையிலும் இல்லை. அங்கே மெய்ப்பிக்கப்படாதது என்றால் தெரியாது என்று மட்டுமே அர்த்தம்.

சரி, கடைசி இரண்டு விடை விவகாரம். அந்தக் கிணற்று வாதத்தையே எடுத்துக்கொள்வோம்: பூச்சு வேலைக்கு மறுவருஷம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, ஆகவே பூச்சுதான் காரணம். பிழை என்ன என்று கேட்டு நான்கு விடை கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள்.

முதல் விடை: பூச்சு வேலைக்கு எவ்வளவு செலவானது என்று வாதம் சொல்லவில்லை. இரண்டாவது: மிகச் சில கிணறுகளைப் பார்த்துவிட்டு மாவட்டத்துக் கிணறுகள் எல்லாவற்றையும் பற்றி முடிவு சொல்கிறது. மூன்றாவது: பூச்சு வேலை நடக்காத இடங்களிலும் அதே வருஷம் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. நான்காவது: பூச்சைத் தவிர வேறு எதுவும் எப்போதும் கிணற்று நீரைக் குறைக்க முடியாது என்று எடுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு விடையிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். வாதம் நிஜமாகவே இதைச் செய்ததா? செய்திருந்தால் அதனால் முடிவுக்குச் சேதமா? முதல் விடை முதல் கேள்வியில் தேறும். ஆமாம், செலவைச் சொல்லவில்லைதான். இரண்டாவதில் விழும், செலவு தெரியாததால் காரணம் பற்றிய முடிவுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது விடை கேட்க நன்றாக இருக்கும், நிஜமான பிழையின் பெயரும்கூட. ஆனால் இந்த வாதம் மாவட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நோட்டை மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி இதுதான்: தெரிந்த பெயர் கண்ணில் பட்டவுடனே பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி கை போய்விடும்.

மீதி மூன்றாவதும் நான்காவதும். நீங்கள் சொன்ன அந்தக் கடைசி இரண்டு. நான்காவதில் "எதுவும்", "எப்போதும்" என்ற சொற்களைப் பாருங்கள். வாதத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. உலகத்தில் வேறு எதுவும் எப்போதும் தண்ணீரைக் குறைக்காது என்று அவர் நம்ப வேண்டியதில்லை; இந்த வருஷம் இந்தக் கிணறுகளில் வேறு காரணம் இல்லை என்று நம்பினால் போதும். விடை வாதத்தைவிடப் பெரிதாகப் பேசுகிறது. மூன்றாவது அளவாகப் பேசுகிறது. பூசாத இடத்திலும் இறங்கியிருந்தால் பூச்சின் மேல் பழி போட முடியாது என்பது உங்களுக்கே பட்டென்று தெரியும். ஆகவே மூன்றாவது. கடைசி இரண்டில் மாட்டும்போது அநேகமாக ஒன்று இப்படி அளவுக்கு மீறிய சொல்லோடு இருக்கும். ஆனால் பெரிய சொல் இருந்தாலே தப்பு என்று சூத்திரம் ஆக்கிவிடாதீர்கள். வாதமே பெரிதாகப் பேசியிருந்தால் விடையும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பரீட்சையில் நேரம் ஏது என்பீர்கள். 120 கேள்விக்கு 120 நிமிஷம், அதிலேயே பத்தியும் படிக்க வேண்டும். அதனால்தான் ஒரு பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளச் சொல்வேன். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வாதத்தைப் படித்து, ஓட்டையை ஒரே வரியில் தமிழில் நோட்டில் எழுதுங்கள். "காய்ந்தது போதும்னு நினைக்கிறார்." "மூடுன பட்டறையப் பார்க்கல." இவ்வளவுதான். அப்புறம் கையை எடுத்து, நீங்கள் எழுதியதற்குப் பக்கத்தில் வரும் விடையைத் தேடுங்கள். ஓட்டை தெரியாமல் விடைகளைப் பார்த்தால் நான்கு பேர் நான்கு பக்கம் இழுப்பார்கள். சந்தையில் விலையை மனசில் முடிவு செய்யாமல் தரகரிடம் கை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாளைக்குப் பத்து போதும். தப்பு விட்டதைச் சரியான விடையோடு மட்டும் எழுதாமல், தப்பான விடை ஏன் உங்களை இழுத்தது என்றும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கென்று இரண்டு மூன்று பலவீனம் தெரிந்துவிடும். கிளாட் நடத்தும் கூட்டமைப்பின் தளத்தில் பழைய கேள்வித்தாள்கள் இருக்கின்றன. எல்சாட் நடத்தும் அமைப்பின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே சில மாதிரித் தேர்வுகள் கிடைக்கும். அவற்றில் தர்க்கப் பகுதியை மட்டும் போட்டுப் பாருங்கள். கிளாட்டைவிடக் கொஞ்சம் கடினம், பழகுவதற்கு அது நல்லதுதான். செய்தித்தாள் தலையங்கத்திலும் பழகலாம். உங்களுக்குப் பிடித்த கட்சியை ஆதரிக்கும் கட்டுரையில் ஓட்டை தேடினால்தான் அது பயிற்சி.

பெயர்கள் வேண்டவே வேண்டாமா? பத்துப் பன்னிரண்டு தெரிந்திருக்கலாம், தப்பில்லை. நம் முன்னோரும் பெயர் வைத்துத்தான் பேசினார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் ஒரு காதையின் பெரும்பகுதியில் தர்க்கம் சொல்லித் தருகிறார். அங்கே பக்கப்போலி, ஏதுப்போலி என்று வகை பிரிக்கிறார். போலி என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். காரணம் போலவே வேஷம் போட்டு நிற்கும், காரணம் அல்ல. இந்த ஒரு சொல் புரிந்தால் லத்தீன் பெயர் ஒன்றுகூடத் தெரியாமல் முழு மார்க் வாங்கலாம். கேள்வித்தாளில் விடைகள் பெயராக வருவது அபூர்வம்; மேலே கொடுத்த மாதிரி விவரித்துத்தான் வரும்.

இனி உங்கள் கடைசி வரி. புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "அத்தை மகன் அறுபது பெயரை மனப்பாடம் செய்தார். அவருக்கு இடம் கிடைத்தது. ஆகவே நானும் மனப்பாடம் செய்தால் எனக்கும் கிடைக்கும்." அதற்குக் கீழே ஓட்டையை எழுதுங்கள். நான் எண்ணியவரை மூன்று இருக்கிறது. எழுதிவிட்டு அத்தை மகனிடமும் காட்டுங்கள். அவர் நான்காவதைச் சொன்னாலும் சொல்வார்.